கிழங்கில் முத்தெடுத்தவர்

மாசி, பங்குனி வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு திருவிழா ஆரம்பமாகிவிடும். அதற்குக் கொடியேற்றம் கிடையாது; மேளதாளம் கிடையாது. மொட்டை மாடிதான் கோயில். வெளுத்த பழைய வேஷ்டிதான் மண்டபம். விடிவதற்கு முன்னே எழுந்து, ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் பச்சை மிளகாய் விழுதும் பெருங்காயமும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் ஏறுவதற்குள் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட வேண்டும். காக்கைக்குக் காவலாக ஒரு வாண்டுப் பயலைக் குடையுடன் உட்கார்த்தி வைப்போம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், காக்கை தின்றதைவிடக் காவல்காரர் தின்றதுதான் அதிகமாக இருக்கும்!

சகோதரி! அந்த வாண்டு உங்களைப் பார்த்து, "அம்மா, ஜவ்வரிசி எந்தச் செடியில் காய்க்கும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நெல்லைக் குத்தினால் அரிசி. கோதுமையை உடைத்தால் ரவை. ஜவ்வரிசிக்கு வயல் எது, கதிர் எது?

காய்க்கிற பொருள் அல்ல அது. மனிதர்கள் கையால் உருட்டி உண்டாக்குகிற பொருள். அதை நம் பக்கத்தில் முதன்முதலாக உருட்டிக் காட்டியவர், சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி. நாம் பாயசம் வைக்கும் ஒவ்வொரு தடவையும் நம்மை அறியாமலே அவரை நினைத்துக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். ஆகவே, அறிந்தே ஒரு தடவை நினைத்துக்கொள்வோமே!

செம்மண் காட்டில் பச்சைக் குடை

முதலில் ஒரு சிறு பிரயாணம். தருமபுரியிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமோ பென்னாகரம் பக்கமோ போனாலும் சரிதான். சாலையின் இரு புறமும் செம்மண் காடுகள். ஆள் உயரத்துக்குச் செடிகள் நிற்கும். விரித்த கைவிரல்களைப் போல ஒவ்வோர் இலையும் பிரிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால், ஆயிரக்கணக்கான பச்சைக் குடைகளை யாரோ மண்ணில் ஊன்றி வைத்ததுபோல இருக்கும்.

அதுதான் மரவள்ளி. இந்தப் பக்கத்து மக்கள் குச்சிக்கிழங்கு என்பார்கள். காரணம் இல்லாத பெயர் அல்ல. விதை வேண்டாம், நாற்று வேண்டாம். போன வருஷத்துச் செடியின் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஏழெட்டு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் மண்ணுக்கு அடியில் கிழங்கு திரண்டுவிடும். மழை சற்றே முன்பின்னாக வந்தாலும் முகம் சுளிக்காத செடி. வானம் பார்த்த பூமி நிறைய உள்ள தருமபுரி மாவட்டத்துக்கு இப்படி ஒரு பயிர் எவ்வளவு பெரிய துணை என்பதை விவசாயி வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். பெண்ணின் கல்யாணமும் பையனின் காலேஜ் சம்பளமும் அந்தக் கிழங்கு விற்ற பணத்தில்தான்.

ஆனால் இந்தக் கிழங்குக்கு ஒரு பெருங்குறை உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை பத்திரம். வெட்டி வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் சென்றால் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெட ஆரம்பித்துவிடும். நெல்லைப்போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. வாங்குகிறவன் உடனே வர வேண்டும். வராவிட்டால் வருஷத்து உழைப்பு மண்ணாகிவிடும். நம் கதைக்கு இந்த விஷயம் முக்கியம். கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நின்றது

ஜவ்வரிசி என்பது உண்மையில் ஒரு பனையின் பொருள். கிழக்கிந்தியத் தீவுகளில் சேகோ பனை என்று ஒரு மரம் வளர்கிறது. அதை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றிலிருந்து மாவு எடுத்து, அதை உருட்டிக் காய வைப்பார்கள். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால்தான் ஜவ்வரிசி என்ற பெயர் என்று சொல்வார்கள். நம் பாட்டிமார்கள் காலத்தில் அது கப்பலில் வந்து இறங்கிய சரக்கு.

இரண்டாவது உலக மகாயுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போயிற்று. பர்மா அரிசி நின்றது. மலேயாச் சரக்கு நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த மக்காச்சோள மாவும் கிடைக்காமல் போயிற்று. அந்த மாவு சமையலறைக்கு மட்டும் வேண்டிய பொருள் அல்ல. தறியில் பாவு ஏறுவதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போட வேண்டுமே, அதற்கும் மாவுதான் ஆதாரம். தறி ஓசை ஓயாத சேலத்தில் மாவு இல்லை என்றால் என்ன ஆகும்!

அந்தச் சமயத்தில் மாணிக்கம் செட்டியார் மீன் வியாபார நிமித்தம் அடிக்கடி மலையாளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

மலையாளத்தில் மரவள்ளி புதிய பொருள் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்த இந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் பிரஜைகளிடையே பரப்பினார். பர்மா அரிசி நின்றுபோன யுத்த நாட்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கே உயிர் கொடுத்தது கப்பக்கிழங்கும் மீன் குழம்பும்தான்.

வியாபாரத்துக்குப் போன செட்டியார், தம் சரக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே செய்வோம்? அவர் கண் மரவள்ளி மாவின்மேல் விழுந்தது. 'அமெரிக்க மாவு செய்கிற வேலையை இந்த மாவும் செய்யும்போல் இருக்கிறதே!' என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்காமல், அந்த மாவைக் கொண்டுவந்து விற்கவும் ஆரம்பித்தார். மீன் வியாபாரி மாவு வியாபாரியும் ஆனார்.

மூவர் கூடிய முகூர்த்தம்

இந்த மாவு வியாபாரத்தின் மூலமாகத்தான் பொபத்லால் ஷா என்பவரின் பழக்கம் செட்டியாருக்கு ஏற்பட்டது. ஷா பினாங்கிலிருந்து வந்தவர். மலேயாவில் மரவள்ளியிலிருந்தே மாவும் ஜவ்வரிசியும் செய்வதுண்டு. அந்த நுட்பம் அவருக்குத் தெரியும். ஒருவரிடம் வியாபார அனுபவம். மற்றவரிடம் தொழில் ரகசியம். 1943-ல் இருவரும் சேர்ந்து சேலத்தில் மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினார்கள்.

இப்போது இருக்கும் ஆலைகளை நினைத்துக்கொண்டு அந்த முதல் முயற்சியைக் கற்பனை செய்யாதீர்கள். ஏறக்குறைய நம் வீட்டு அடுக்களை வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்! கிழங்கின் தோலைச் சீவ வேண்டும். கழுவி, துருவி, அரைக்க வேண்டும். தேங்காய்ப் பால் பிழிகிற மாதிரி தண்ணீர் விட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். வெள்ளைவெளேரென்று பால் இறங்கும். அதைத் தொட்டியில் அசைக்காமல் பல மணி நேரம் வைத்தால் மாவு அடியில் தங்கும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, மாவைப் பாளம் பாளமாக எடுத்து அரை ஈரமாக உலர்த்த வேண்டும்.

இனிமேல்தான் வித்தை. ஈரப் பதம் சரியாக உள்ள மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குழந்தையை ஆட்டுவதுபோல ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட, பொடி மாவு ஒன்றோடொன்று ஒட்டி உருண்டு, மணி மணியாகத் திரளும்! சல்லடையில் சலித்து ஒரே அளவு மணிகளைப் பிரித்து, எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காய வைத்தால் ஜவ்வரிசி. வறுக்காமல் ஆவியில் வேகவைத்து எடுப்பதைத்தான் கடையில் நைலான் ஜவ்வரிசி என்று வாங்குகிறோம். கண்ணாடிபோல் இருக்குமே, அது. நாலைந்து கிலோ கிழங்கு கொடுத்தால் ஒரு கிலோ ஜவ்வரிசி கிடைக்கும். சக்கையும் வீண் அல்ல. திப்பி என்ற பெயரோடு அது மாட்டுத் தீவனமாகப் போய்விடும்.

மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் கிராக்கி ஏறிற்று. கையால் செய்து கட்டி வரவில்லை. அப்போது வந்து சேர்ந்தார் மூன்றாமவர்: வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். இயந்திரங்களையும் செய்முறையையும் அவர் ஒவ்வொன்றாகச் சீர்திருத்தினார். நாள் ஒன்றுக்கு 2 மூட்டை எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் 25 மூட்டை எடுக்க முடிந்தது.

ஒரு செட்டியார், ஒரு ஷா, ஒரு கவுண்டர். பேச்சும் பழக்கமும் வேறு. பிறந்து வளர்ந்த சூழ்நிலை வேறு. மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் தொழில் நிலைத்திருக்குமா என்பது சந்தேகம். செட்டியாரின் பெரிய சாமர்த்தியம் பணம் போட்டது அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரோடு சேர்ந்துகொண்டாரே, அதுதான்.

பசியா, பிழைப்பா?

தொழில் நடக்கத் தொடங்கிய மறு வருஷமே சோதனை வந்துவிட்டது.

1944-ல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அதற்கு முந்திய வருஷம்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் சோறின்றி மாண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ரேஷன், கியூ. சேலத்தில் சிவில் சப்ளைஸ் கலெக்டர் மரவள்ளியின்மேல் கண் வைத்தார். ஜனங்கள் தின்று பசியாறக்கூடிய கிழங்கை ஆலைக்கு விடுவதாவது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்.

தருமபுரி அப்போது தனி மாவட்டம் அல்ல. சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2-ந் தேதிதான் தனியாகப் பிரிந்தது. ஆகவே, கலெக்டரின் கட்டுப்பாடு சேலத்து ஆலைக்காரரை மட்டும் பாதிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியுமா? ஊர் பட்டினி கிடக்கும்போது உணவைக் காப்பது அவர் கடமை. அதே சமயம், கிழங்கை நம்பிக் குச்சி ஊன்றிய குடியானவனுக்கு என்ன வழி? கெடாமல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காத கிழங்கு என்று முன்பே சொன்னேன் அல்லவா? அதை மாவாக்கி, மணியாக்கி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, ரயில் ஏறித் தொலை தூரம் போகும், நோயாளிக்குக் கஞ்சியாகும். அப்படிப் பார்த்தால் ஜவ்வரிசி செய்வது உணவை அழிப்பதா, உணவைக் காப்பாற்றுவதா?

இதுபோன்ற சமயத்தில் வியாபாரிகள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. தனித்தனியாகப் போய், தனித்தனியாகக் கெஞ்சி, தனித்தனியாகத் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். ஒருவன் ஆலை மூடினால் மற்றவனுக்கு லாபம் என்ற கணக்கு! சேலத்தார் அப்படிச் செய்யவில்லை. ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் எல்லோரும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் தங்கள் கட்சியை எடுத்துச் சொன்னார்கள். அந்த உத்தரவு நீங்கியது.

நீங்கியிராவிட்டால்? இரண்டு மூட்டையோடு ஆரம்பித்த தொழில் அந்த வருஷமே அவிந்திருக்கும். யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்ததும், நாமும் மறுபடியும் வெளிநாட்டுச் சரக்குக்குக் கை நீட்டியிருப்போம்.

ஊர் கொண்ட தொழில்

செட்டியார் வீட்டோடு நிற்காமல் தொழில் பரவிற்று. சேலத்தைச் சுற்றி ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், தருமபுரி என்று கிழங்கு விளையும் இடமெல்லாம் அதன் வாசனை எட்டியது. ஆலை வேலையில் பெண்கள் கை நிறையப் படுகிறது. கிழங்கு சீவுவதிலிருந்து களத்தில் மணிகளைத் துழாவிக் காய வைப்பதுவரை அவர்கள்தான்.

ஆனால் தொழில் வளர வளர வேறொரு தொல்லை வளர்ந்தது. செய்த சரக்கை அடுக்கி வைக்கக் கிடங்கு இல்லை. காத்திருந்து விற்கக் கைம்முதல் இல்லை. தரகர் சொன்னதே விலை. ஆலைக்காரருக்கு விலை இறங்கினால், அவர் கிழங்குக்காரரிடம் விலையை இறக்குவார். தருமபுரி மலையடிவாரத்தில் இருக்கும் விவசாயியின் தலையில்தான் கடைசிப் பாரம் விழும்.

இதற்கும் 1944-ல் கண்ட மருந்துதான் கைகொடுத்தது: ஒன்று சேருவது. 1981-ல் மாவு, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 1982 பிப்ரவரி 27-ல் சேலத்தில் வேலையைத் தொடங்கியது. அதுதான் சேகோசர்வ். ஆலைக்காரர் சரக்கைக் கொண்டுவந்து அதன் கிடங்கில் வைக்கலாம். சரக்கின் பேரில் முன்பணம் பெறலாம். மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் மறைமுக டெண்டரில் விலை குறிப்பார்கள். ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியாது. அதிகம் குறித்தவருக்குச் சரக்கு.

அந்தச் சரக்கு எங்கே போகிறது தெரியுமா? நம் வடாத்துக்கும் பாயசத்துக்கும் போவது கொஞ்சம்தான். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசி, நவராத்திரி விரதம் என்றால் அரிசி கூடாது, கோதுமை கூடாது, சாபுதானா கூடும். சாபுதானா என்பது நம் ஜவ்வரிசியேதான்! வேர்க்கடலைப் பொடி தூவி, சீரகம் தாளித்து, கிச்சடியாகச் செய்வார்கள். புனாவில் ஒரு சகோதரி விரதம் முடித்து வாயில் வைக்கும் முதல் கவளம், பாப்பிரெட்டிப்பட்டிக் காட்டில் விளைந்த கிழங்காக இருக்கலாம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கஷ்டங்கள் தீர்ந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல், தருமபுரிக் காடுகளிலும் புகுந்து குருத்தையெல்லாம் சுருட்டிவிட்டது. நம் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து எறும்பினும் சிறிய ஒரு குளவியைத் தருவித்தார்கள். மாவுப்பூச்சிக்கு அது யமன். மனிதருக்கும் பயிருக்கும் சாது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதைக் காடுகளில் விட ஆரம்பித்தார்கள்.

பூச்சிக்குக் குளவி இருக்கிறது. கலப்படத்துக்கு என்ன இருக்கிறது? மரவள்ளி மாவோடு மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதும் இந்தத் தொழிலை அரிக்கிற புழு. அதற்குக் குளவி நாம்தான். 'பளிச்சென்று பால் வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவேன்' என்று அடம் பிடிக்காதீர்கள். இயற்கையான ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். முகப் பவுடர் வாங்கும்போது பார்க்க வேண்டிய வெண்மையைப் பாயசத்தில் தேடலாமா?

அடுக்களைக்கு இரண்டு வார்த்தை

கதை கேட்டதற்குப் பலனாக இரண்டு குறிப்புகள். பச்சை மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே கொஞ்சம் சயனைடு நச்சு உண்டு. வீட்டில் வேகவைக்கும்போது தோலைத் தடிமனாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கைத் தின்னவே வேண்டாம். ஜவ்வரிசி செய்யும்போது பல தண்ணீரில் அலசி, சூட்டில் வாட்டிக் காய வைப்பதால் அந்தப் பயம் இல்லை.

இரண்டாவது: ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் ஜீரணமாகும், தெம்பு தரும். ஆனால் அது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்துதான். குழந்தைக்குக் கொடுக்கும்போது பாலோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் அவருக்கு ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசனை பார்த்ததே போதும் என்று சமாதானம் சொல்லுங்கள்!

மாணிக்கம் செட்டியார் ராஜாவோ ஜமீன்தாரோ அல்ல. நம் தெருக்கோடியில் கடை வைத்திருப்பவரைப் போன்ற ஒரு வியாபாரி. வேறு வேலையாகப் போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அறிந்தவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அவர் தொட்டுவைத்த தொழில், இடர் வந்தபோது ஊரோடு சேர்ந்து நின்று பிழைத்துக்கொண்டது. எண்பது வருஷத்துக்குப் பிறகும் அதனால் ஆயிரமாயிரம் அடுப்புகள் எரிகின்றன.

அடுத்த தடவை மாடியில் வடாம் ஊற்றும்போது, குடையுடன் உட்கார்ந்திருக்கும் அந்தக் காவல்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கதை முடிவதற்குள் அவர் பாதி வடாத்தைத் தின்று தீர்த்திருப்பார். போகட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்!